லிஃப்டுக்குள் எத்தனை பேர்?

ஜனவரி 9

அன்பும் அறிவும் கேமராவும் ஒருங்கே வாய்த்த மருமகளுக்கு,

உன் மாமன் எழுதுகிறேன். இங்கே உன் அத்தை திடமாக இருக்கிறாள். எனக்குத்தான் இரத்த அழுத்தம் கொஞ்சம் மேலே ஏறி, இரண்டு மாடி தாண்டி, இப்போது நடுவழியில் நிற்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போனில் பேசக்கூடாதா என்பாய். போனில் பேசினால் எதிராளி நடுவில் வாயைத் திறக்கிறான். கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது. கையெழுத்துப் போடும்வரை நான்தான் ராஜா.

விஷயத்துக்கு வருகிறேன். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி நீ ஒரு வீடியோப் படம் எடுப்பதாக உன் அம்மா சொன்னாள். என்னை விட்டுவிட்டா? முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக நான் மேலே ஏற்றிவிட்ட ஜனங்களைக் கூட்டினால் நிலாவில் ஒரு நகரம் நிரம்பும், அதற்கு மேயரும் கிடைப்பார்.

நம் கதை குடும்பத்தில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். உன் அத்தை டைப்பிஸ்டாக இருந்த ஏழு மாடிக் கட்டிடம். ஒரு விடுமுறை நாள். நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நிற்கிறது. உள்ளே அவள் தன்னந்தனியாக. வெளியே நான். லிஃப்டைக் கையால் சுற்றி இறக்கும் மோட்டார் அறையின் சாவியோ வெளியூர் போய்விட்ட மேனேஜரின் பையில். பதினான்கு மணி நேரம் கதவிடுக்கில் வாயை வைத்து, ஜோக்காகச் சொல்லியே அவளை உயிரோடு வைத்திருந்தேன். காவலாளி சிரித்தான், தெருவில் போனவர்கள் ஏறி வந்து சிரித்தார்கள், ஐந்தாவது மாடிச் சுவர் சிரித்து விரிசல் விட்டது. கதவு திறந்தது. கல்யாணம் நடந்தது.

எனக்குப் பெரிய எதிர்பார்ப்பெல்லாம் இல்லை. கதவு திறக்கும் இடத்தில் வயலின் வேண்டும். என் முகத்தைப் பக்கவாட்டில், மெதுவாக நகரும்படி எடுக்கவேண்டும். அத்தையை அதே லிஃப்டில் நிறுத்தி எடுத்தால் இன்னும் பிரமாதம்.

கேமராவுக்காகக் காத்திருக்கும்,
உன் மாமா


ஜனவரி 20

அன்புள்ள மாமாவுக்கு,

நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன். நடுவழியில் நிற்கும் அழுத்தத்தை டாக்டரிடம் காட்டினீர்களா? அத்தைக்கு என் அன்பு.

நீங்கள் முன்வந்தது சந்தோஷம். இது தியேட்டரில் ஓடுகிற படமில்லை, மாமா. லிஃப்ட் பராமரிப்பாளர் சங்கம் தன் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கக் கேட்டிருக்கிறது. பெட்டிக்குள் இருப்பவருக்கு என்ன நடக்கிறது என்பதை வெளியே நிற்கும் மெக்கானிக் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் முறையையும் சொல்லிவிடுகிறேன். கேள்விகளை முன்கூட்டியே அனுப்புவோம். பேசுபவர் கதவுக்குப் பக்கத்தில் உட்காருவார். அவர் கையைத் தூக்கினால் கேமரா நிற்கும். ஏன் என்று கேட்கமாட்டோம். கண் கலங்கினால் முகத்தை நெருங்கமாட்டோம். படத்தை முதலில் பார்ப்பவரும் அவர்தான். வேண்டாம் என்பதை வெட்டிவிடுவோம். வயலின் கிடையாது. பழைய இடத்தில் நிறுத்தி நடிக்கச் சொல்வது அறவே கிடையாது.

இது நான் பட்டுக் கற்றது. போன வருஷம், தீ விபத்தில் தப்பிய ஒரு தையல்காரரை அதே கூடத்துக்குக் கூட்டிப் போய் நிற்கவைத்தேன். காட்சி அற்புதமாக வந்தது. அவர்தான் அதற்குப் பிறகு ஒரு மாதம் ஊசியைத் தொடவில்லை.

இரண்டு சம்மதப் படிவம் வைத்திருக்கிறேன். ஒன்று உங்களுக்கு. இன்னொன்று அத்தைக்கு. கதையில் வருகிற ஒவ்வொருவரும் சம்மதிக்கவேண்டும். அத்தை ஓய்வாக இருக்கும்போது கேளுங்கள். அவர் மாட்டேன் என்றால் அதுவும் சரியான பதில்தான்.

அன்புடன்,
மருமகள்


பிப்ரவரி 2

படிவங்களின் பேரரசிக்கு,

மாமாவின் வணக்கம். அழுத்தம் ஒரு மாடி இறங்கியிருக்கிறது. அத்தை சௌக்கியம்.

என் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அது போதாதென்று பெருவிரல் ரேகையும் வைத்தேன். நிலம் எழுதிக் கொடுக்கும்போதுகூட என்னை யாரும் இத்தனை தடவை 'உமக்குச் சம்மதமா' என்று கேட்டதில்லை. கல்யாணத்தில் ஒரே ஒரு தடவை கேட்டார்கள், அதுவும் என் பதில் வருவதற்குள் மாலை கழுத்தில் விழுந்துவிட்டது.

கையைத் தூக்கினால் கேமரா நின்றுவிடுமாமே! நான் கையை ஆட்டாமல் பேசிப் பழகாதவன். உன் கேமரா அன்றைக்கு ஆயிரம் தடவை நின்று, கடைசியில் அதுவே வேலையை விட்டு ஓடிவிடும்.

அத்தையின் படிவம் மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. கேட்க நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலையில் அவளுக்கு வேலை. மதியம் தூக்கம். மாலை முழுவதும் என்னைத் திட்டுவதற்கு ஒதுக்கியிருக்கிறாள். நடுவில் இடைவெளி கிடைத்தால் நிச்சயம் கேட்கிறேன். அவள் ஏன் மாட்டேன் என்று சொல்லப்போகிறாள்? முப்பது வருஷமாக எத்தனை கல்யாண வீட்டில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவையாவது மறுத்தாளா? பேசாமல் எழுந்து உள்ளே போய்விடுவாள். கூச்சம்.

அவள் நான்கு மாடியும் படியேறி வருவதை நீ பார்த்திருப்பாய். 'லிஃப்ட்காரர் பெண்டாட்டி படியில வர்றாங்க பாரு' என்று எதிர்வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். முழங்காலுக்கு நல்லது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பதினேழு மணி நேரம் தொண்டை வற்றப் பேசிய,
மாமா


பிப்ரவரி 11

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் படிவமும் ரேகையும் வந்து சேர்ந்தன. எடிட்டர் அதைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார். அத்தையின் படிவத்துக்கு அவசரமில்லை. ஆனால் அது இல்லாமல் நாங்கள் கேமராவைத் திறக்கமாட்டோம்.

ஒரு சின்னச் சந்தேகம். சங்கத்தில் பழைய பழுதுப் பதிவேட்டைப் பார்த்தேன். அந்தக் கட்டிடம், அந்தத் தேதி. காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, ஏழு மணி நேரம். அது இருக்கட்டும், உங்கள் கணக்கை நான் அறிவேன். ஆனால் 'உள்ளே இருந்தோர்' என்ற இடத்தில் 'இருவர்' என்று எழுதியிருக்கிறது. தவறுதலாக எழுதிவிட்டார்களா?

வேளாவேளைக்கு மாத்திரை போடுங்கள்.

மருமகள்


ஏப்ரல் 6

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இரண்டு மாதமாகிவிட்டது. காரணம் கேள். முதலில் பேனா எழுதவில்லை. பேனா வாங்கப் போனால் மழை. மழை என்றால் சாதாரண மழையா? எங்கள் தெருவில் மீன்கள் கதவைத் தட்டி வழி கேட்டன. மழை விட்டதும் பக்கத்து வீட்டுப் பூனை நம் வீட்டில் குட்டி போட்டது. ஒன்பது குட்டி. ஒவ்வொன்றும் புலிபோல இருக்கிறது. அவற்றுக்குப் பால் வைக்கவே ஒரு மாதம் ஓடிவிட்டது. அப்புறம் என் முழங்கால். அதைப் பற்றித் தனியாக ஒரு காவியம் எழுதவேண்டும்.

உன் அம்மாவுக்கு இருமல் தேவலையா? உன் எடிட்டர் நலமா? சங்கத்துப் பதிவேடு நலமா? அந்தக் காலத்துக் குமாஸ்தாக்கள் தூங்கிக்கொண்டே எழுதுவார்கள். ஒன்று என்பதற்கு இரண்டு என்பார்கள், இரண்டு என்பதற்கு… அதை விடு. பூனைக்குட்டி ஒன்று வேண்டுமா?

இத்துடன் உன் அத்தையின் படிவத்தை அனுப்பியிருக்கிறேன். மனப்பூர்வமாகச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். இனி எப்போது வருகிறாய் என்று எழுது.

மாமா


ஏப்ரல் 14

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாவின் இருமல் நின்றுவிட்டது. பூனைக்குட்டி வேண்டாம்.

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். என் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அத்தை கையெழுத்துப் போட்டு வாழ்த்து அனுப்பியிருக்கிறார். டைப்பிஸ்ட் அல்லவா, நேர்கோடு மாதிரி இருக்கும் அவர் கையெழுத்து. இதிலோ தொடக்கத்தில் மூன்று சுழி, முடிவில் ஒரு மயில்தோகை. மயில்தோகை போடுகிறவர் நம் குடும்பத்தில் ஒருவர்தான்.

எனக்குக் கோபமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். கோபம்தான், மாமா. நீங்கள் சொன்ன ஜோக்குகளை எத்தனையோ தடவை ரசித்திருக்கிறேன். அப்போதெல்லாம் அத்தை எழுந்து உள்ளே போவதை நானும் கூச்சம் என்றுதான் நினைத்தேன்.

இந்தக் கதை படத்தில் இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. அத்தைக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அதை அவரே பிரிக்கட்டும்.

மருமகள்


மே 3

கண்ணு,

நான் நல்லாயிருக்கேன். உங்க அம்மாவையும் கேட்டேன்னு சொல்லு. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிறர் சொல்லச் சொல்ல டைப் அடித்துத்தான் பழக்கம். அதனால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ என்னைக் கேட்டாய் பார், 'சொல்ல விருப்பமா, விருப்பமில்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்குப் பதில்கூட வேண்டாம்' என்று. அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இதுவரை என்னை யாரும் கேட்டதில்லை.

உள்ளே இரண்டு பேர் இருந்தோம். நானும் எங்கள் ஆபீஸ் ரெக்கார்டு கிளார்க்கும். அடுத்த மாதம் ஓய்வு பெற வேண்டியவர். பாக்கி வேலையை முடிக்க விடுமுறையில் வந்திருந்தோம். லிஃப்ட் நின்றதும் முதலில் அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து மெக்கானிக் வந்தார். காவலாளி அவரிடம் 'டைப்பிஸ்ட் அம்மா மாட்டிக்கிட்டாங்க' என்று சொன்னது எனக்குக் கேட்டது. கிளார்க் வந்தது காவலாளிக்குத் தெரியாது. மெக்கானிக் கதவிடுக்கில் ஜோக் சொல்ல ஆரம்பித்தார். நல்லாத்தான் இருந்தது. இரண்டு பேரும் சிரித்தோம்.

பன்னிரண்டு மணிபோல கிளார்க் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் கதவைத் தட்டி, "கொஞ்சம் கேளுங்க"ன்னேன். "முதல்ல நான் சொல்றதைக் கேளுங்கம்மா, இது இன்னும் அருமையான ஜோக்"னு அவர் ஆரம்பித்துவிட்டார். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் வெளியே பத்துப் பேர் சிரிப்பு. கத்தினேன். "பாருங்க, பயத்துல கத்துறாங்க, இன்னும் சிரிக்க வைப்போம்"னு யாரோ சொன்னார்கள். அப்புறம் நான் தட்டுவதை விட்டுவிட்டேன். கிளார்க்கின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்கு மேல் அந்தக் கை என் கையைப் பிடிக்கவில்லை.

தெரிந்திருந்தால் மேனேஜரின் சாவிக்குக் காத்திராமல் கதவை அறுத்திருப்பார்கள். பிழைத்திருப்பாரா என்றால், டாக்டருக்கே தெரியவில்லை.

மறுநாள் அந்த மெக்கானிக் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று வாரம் தினமும் வந்தார், நின்றார், போனார். நான் கட்டிக்கொண்டது அந்தப் பேசாத ஆளை. கல்யாணத்தன்று யாரோ 'எப்படிச் சந்திச்சீங்க'ன்னு கேட்டார்கள். அன்று திறந்த வாய்தான், உனக்குத் தெரியுமே.

சொல்கிறேன். கதவுப் பக்கம் நாற்காலி போடு. கிளார்க்கின் மகளையும் கேட்டுக்கொள், விலாசம் என்னிடம் இருக்கிறது. உன் மாமாவும் அறையில் இருக்கவேண்டும். கேமராவுக்குப் பின்னால். வாயைத் திறக்காமல்.

அத்தை


ஜூன் 19

அன்புள்ள மருமகளுக்கு,

நீயும் உன் கேமராவும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? இங்கே அத்தை நலம். என் தாடைதான் வலிக்கிறது.

ஒரு மணி நேரம் நாற்பது நிமிஷம் நான் வாய் திறக்காமல் இருந்ததற்கு நீ சாட்சி. இது மருத்துவ உலகத்துக்குத் தெரிந்தால் என்னைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். பற்கள் ஒன்றை ஒன்று 'என்னாச்சு, முதலாளி போயிட்டாரா'ன்னு விசாரித்துக்கொண்டன. நாக்கு மேல்வாயில் தலைவைத்துப் படுத்துவிட்டது.

நடுவில் அவள் கையைத் தூக்கினாள், நினைவிருக்கிறதா? நீ உடனே கேமராவை நிறுத்திவிட்டுப் பேசாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த ஐந்து நிமிஷத்தில் எனக்கு எட்டு ஜோக் தோன்றியது. அவளைச் சிரிக்கவைக்கத்தான். எட்டையும் ஒவ்வொன்றாக விழுங்கினேன். மாத்திரை பரவாயில்லை.

நீ கிளம்பியதும் அவள் டீ போட்டாள். இரண்டு பேரும் அடுக்களையிலேயே நின்று குடித்தோம். "அன்னிக்கு 'கொஞ்சம் கேளுங்க'ன்னியே, நான் கேட்டிருந்தா முதல்ல என்ன சொல்லியிருப்பே?" என்று கேட்டேன்.

"உள்ள ரெண்டு பேர்னு சொல்லியிருப்பேன்" என்றாள்.

அவ்வளவுதான். மூன்றே வார்த்தை. ஒரு ஜோக்கில் பாதி நீளம்கூட இல்லை.

கதவு திறந்தபோது உள்ளே நான் பார்த்ததை யாருக்கும் சொல்லாமலிருக்கத்தான் இத்தனை வருஷம் இவ்வளவு பேசினேனோ என்னவோ. மற்றவர்கள் சிரித்தால் அவளுக்கும் அந்தச் சிரிப்புதான் ஞாபகமிருக்கும் என்று நினைத்தேன். அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்டதில்லை.

பூனைக்குட்டிகள் மூன்றுதான். ஒன்று எலியைப் பார்த்து ஓடுகிறது.

மாமா


ஜூலை 30

அன்புள்ள மாமாவுக்கு,

தாடை வலி போயிற்றா? இங்கே எல்லோரும் நலம்.

படத்தை வெட்டி ஒட்டி முடித்தோம். எங்கள் வழக்கப்படி முதலில் அத்தைதான் பார்த்தார். கிளார்க்கின் மகளும் பார்த்தார். அப்பாவின் கடைசிப் பேச்சைப் படத்தில் வைக்கவேண்டாம், அதை அத்தை தனக்கு நேரில் சொன்னால் போதும் என்று கேட்டார். எடுத்துவிட்டோம். அத்தையும் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அத்தை வெட்டச் சொன்னது ஒரே இடம். அதை உங்களிடம் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். 'அந்த மெக்கானிக்கைத்தான் பிறகு கட்டிக்கொண்டேன்' என்ற வாக்கியம். படத்தில் இனி 'வெளியே ஒரு மெக்கானிக் இருந்தார்' என்று மட்டும்தான் வரும். நம் குடும்பத்துக்கு வெளியே அது யாரென்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஆகஸ்ட் இருபதாம் தேதி சங்கக் கூடத்தில் திரையிடுகிறார்கள். எனக்கு வேறு ஊரில் படப்பிடிப்பு. அத்தை போகிறார். நீங்கள் போயே ஆகவேண்டும் என்று ஒன்றுமில்லை.

அன்புடன்,
மருமகள்


ஆகஸ்ட் 21

அன்புள்ள மருமகளுக்கு,

நலமாக இருக்கிறாயா? நாங்கள் நேற்றுப் போய்வந்தோம். கூடம் மூன்றாவது மாடியில். இரண்டு பேரும் படியேறினோம். முழங்காலுக்கு நல்லதெல்லாம் இல்லை. வலிக்கிறது.

நாற்காலி நாற்பது. ஆட்கள் முப்பத்திரண்டு. எல்லோரும் மெக்கானிக்குகள், பாதிப் பேர் நேராக வேலையிலிருந்து வந்தவர்கள், கையில் கிரீஸ். படம் பத்தொன்பது நிமிஷம். நாங்கள் கடைசி வரிசையில் இருந்தோம்.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் முன்வரிசையில் ஒரு தாடிக்காரர் எழுந்தார். "எந்த மடையன்யா அவன்? உள்ள எத்தனை பேருன்னுகூட கேக்காம வாயடிச்சுக்கிட்டிருந்திருக்கான்!" என்றார். "அவனெல்லாம் ஒரு மெக்கானிக்கா" என்று பக்கத்தில் ஒருவர். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். எல்லாம் சரியாகத்தான் திட்டினார்கள். நானே அவ்வளவு தெளிவாகத் திட்டியிருக்கமாட்டேன்.

உன் அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எழுந்திருக்காதே என்று அர்த்தம். எனக்காகத்தானே அந்த வாக்கியத்தை வெட்டச் சொன்னாள். நான் சும்மா உட்கார்ந்திருக்கலாம். அதற்கு அவள் சம்மதம் இருந்தது.

"நான் சொல்லட்டுமா?" என்று அவளிடம் கேட்டேன்.

கையை விட்டாள்.

எழுந்து நின்றேன். "அந்த மடையன் நான்தான்" என்றேன்.

முப்பத்திரண்டு பேரும் திரும்பினார்கள். தாடிக்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். எனக்கு மேலே சொல்ல ஒன்றும் வரவில்லை, மருமகளே. எனக்கு! ஒரு ஜோக்கில்லை, ஒரு காரணமில்லை.

அப்போது உன் அத்தை எழுந்தாள். படத்தில் பேசியவள் அவள்தான் என்று அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. "மடையன்தான்" என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "ஆனா எங்க வீட்டு மடையன். திட்டுறதுன்னா முப்பது வருஷமா நான் திட்டிக்கிட்டிருக்கேன், நீங்க வரிசையில வாங்க."

முதலில் சிரித்தது தாடிக்காரர். அப்புறம் எல்லோரும். அவளும் சிரித்தாள். நான் எழுந்து நின்றபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா